மீட்டருக்கு முக்காடு

போன வாரம் எதிர்வீட்டு பாங்க்காரர் ஒரு பழைய கார் வாங்கப் போவதாகச் சொல்லி என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "சார், வண்டி பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. அதனால விலை கொஞ்சம் ஜாஸ்தி கேக்கறான். குடுக்கலாமா?" என்றார். வண்டியைப் பார்த்தீரா என்று கேட்டேன். போட்டோ பார்த்தாராம். மீட்டரைத் தனியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறானாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் ராயபுரத்தில் பழைய கார்களுக்கு விலை சொல்லியே பிழைத்தவன் நான். மீட்டரை நம்பி ஒரு வண்டிக்கும் விலை சொன்னதில்லை. நம்பாமல் போய் ஒரே ஒரு தடவை மூக்குடைபட்டேன். அந்தக் கதையை அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவருக்கு போன் வந்து எழுந்து போய்விட்டார். நான் தொடங்கியதை முடிக்காமல் விடுகிறவன் இல்லை. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஷெட், துறைமுகச் சுவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. யுத்தம் முடிந்திருந்த சமயம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கார்களை வாங்கி, தட்டி, நிமிர்த்தி, வர்ணம் பூசி விற்பதுதான் எங்கள் முதலாளியின் வியாபாரம். முதல் மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணெண்ணெயில் எஞ்சின் சாமான் கழுவினேன், திட்டு வாங்கினேன், மறுபடி கழுவினேன்.

நாலாவது வருஷம் ஹமீது மேஸ்திரி என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். வாங்கலாமா வேண்டாமா, என்ன விலை என்று சொல்வது அவர்தான். அவர் தலையாட்டாமல் முதலாளி பெட்டியைத் திறக்க மாட்டார். ஒல்லியான மனிதர். கஞ்சி போட்ட வெள்ளை லுங்கி கட்டுவார். நாள் முழுக்க எஞ்சினுக்குள் கையை விட்டாலும் அந்த லுங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் படாது. கோபம் வந்தால் குரல் இறங்கும். நம்மை "டேய்" என்றால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். "இன்னாங்க ஐயா" என்று மரியாதை கொடுத்தால் தொலைந்தோம்.

ஒரு வண்டி வந்தால் முதல் வேலை, தோளில் கிடக்கும் கட்டம் போட்ட துண்டை எடுத்து மீட்டரை மூடுவார். "பொண்ணுக்கு முக்காடு போட்டாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார், கீல் தேய்ந்திருந்தால் கதவு ஆடும். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பரைக் கட்டைவிரலால் தடவுவார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார், சீட்டு எவ்வளவு பள்ளம் என்று இடுப்பு சொல்லும். எண்ணெயில் ஒரு சொட்டு நகத்தில் வைத்துத் தேய்த்து முகர்வார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கடைசியாகக் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுப்பார். எழுந்து வந்து ஒரு எண் சொல்வார். "நாப்பத்தி ஒண்ணு." அதாவது நாற்பத்தோராயிரம் மைல். பிறகுதான் முக்காடு விலகும்.

மீட்டரும் அவர் சொன்னதும் ஒத்துப்போனால் நியாயமான விலை. மீட்டர் கம்மியாகக் காட்டினால் யாரோ திருப்பியிருக்கிறார்கள், விலை பாதாளத்துக்குப் போகும். அந்தக் காலத்து மீட்டரைத் திருப்புவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேபிளைக் கழற்றி, கை ட்ரில்லை மாட்டிப் பின்பக்கமாகச் சுற்றினால் ஒரு மத்தியானத்துக்குள் கிழட்டு வண்டி குமரியாகிவிடும்.

ஷெட்டில் இருந்த எல்லாரும் எண் சொல்லலாம். யார் சொன்னது கிட்டே வருகிறதோ அவனுக்கு மற்றவர்கள் செலவில் எதிர்க்கடையில் ஒரு டீயும் ஒரு பட்டர் பிஸ்கட்டும். ஆறேழு வருஷத்தில் அந்த டீயை நானே அதிகம் குடித்தேன். மிதி ரப்பரைத் தடவிய மாத்திரத்தில் மைல் சொல்வேன். "ஏகாம்பரம் கட்டைவிரல்ல மீட்டர் கீதுடா" என்றார்கள். எனக்குத் தலை கனத்துப் போனது. இருபத்தாறு வயது, கனக்காமல் என்ன செய்யும்?

அந்தச் சமயத்தில்தான் எஸ்தரம்மா வந்தார். திருவொற்றியூரில் மருத்துவச்சி. முறையாகப் படித்துச் சர்டிபிகேட் வாங்கியவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். எண்ணூர் வரைக்கும் கடலோரக் குப்பங்களில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் தலையை முதலில் தொட்டது அவர் கைதான்.

"எப்பா, இங்கன பழைய கார் பாத்துச் சொல்லுதது யாரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "எனக்கு அழகு வேண்டாம், வேகமும் வேண்டாம். கூப்பிட்டா கிளம்பணும். பாதி வழியில நிக்கப்பிடாது. அவ்வளவுதான்."

மேஸ்திரி சிரித்தார். "யம்மா, அப்டி மாப்ளையே கெடைக்க மாட்டான். காரு எங்க கெடைக்கும்?"

எஸ்தரம்மா சிரிக்கவில்லை. "போன ஐப்பசி மழையில எண்ணூர்ல இருந்து ஆள் வந்துச்சு. ஜட்காவுல போனேன். கத்திவாக்கம் தாண்டல, குதிரை படுத்துட்டு. அங்கன இருந்து சேத்துல நடந்தே போனேன். பிள்ளை இருந்துச்சு. தாய் இல்ல." வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "வளையலை வித்துட்டேன். இனிமே குதிரையை நம்ப மாட்டேன்."

மேஸ்திரி எழுந்து நின்று, "நம்ம பொறுப்பு யம்மா" என்றார். அப்போது எங்கள் ஷெட்டில் இருந்ததெல்லாம் படகு மாதிரி பெரிய வண்டிகள், பெட்ரோலைக் குடித்தே ஆளை அழித்துவிடும். வெளியில் விசாரித்ததில் இரண்டு சின்ன வண்டிகள் அகப்பட்டன. இரண்டும் நாலு பேர் உட்காரும் பேபி கார்கள். ஒன்று ராயபுரத்திலேயே இருந்தது. மீட்டரில் பதினோராயிரத்துச் சொச்சம் மைல், விலை மூவாயிரத்து ஐந்நூறு. இன்னொன்று மவுண்ட் ரோடு புரோக்கர் ஒருவனிடம் இருந்தது. மீட்டரில் ஐம்பத்திரண்டாயிரம் மைல், விலை இரண்டாயிரத்து இருநூறு. குறைந்த மைலுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

மேஸ்திரி பழவேற்காட்டில் ஒரு நிக்காஹுக்குப் போக வேண்டியிருந்தது. "நீயே பாத்துடுடா ஏகா. பூரா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். தனியாக விலை சொல்லப் போவது அதுதான் முதல் தடவை. புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அந்தச் சட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ராயபுரம் வண்டியின் சொந்தக்காரர் ஒரு நாயுடு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கோழி சப்ளை செய்து நன்றாக வாழ்ந்தவர். எழுபது வயது இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, ஆபரேஷனும் சரிப்படாமல், வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். வண்டி நின்றிருந்த ஷெட்டைக் கோடவுனுக்கு வாடகைக்கு விட முடிவு செய்ததால் வண்டியை விற்கிறார்கள்.

"புதுசா வாங்குனது. யுத்த காலத்துல பெட்ரோலும் போச்சு, என் கண்ணும் போச்சு. அப்போலேந்து வண்டி வெளிய போகல. பன்னெண்டு வருசமா நின்னுகினு கீது" என்றார்.

எஸ்தரம்மா பக்கத்தில் நிற்க, நான் மேஸ்திரி மாதிரியே துண்டைப் போட்டு மீட்டரை மூடினேன். பன்னிரண்டு வருஷம் நின்ற வண்டியா இது? ஒரு நூலாம்படை இல்லை, தூசி இல்லை. ஸ்டியரிங் வளையம் கை பட்டுப் பட்டுப் பளபளத்தது. கியர் குமிழில் எழுத்தே அழிந்திருந்தது. சீட்டு உரல் மாதிரி பள்ளம். மிதிகளைத் தடவினேன். ரப்பர் தேய்ந்து உள்ளே இரும்பு எட்டிப் பார்த்தது. பாட்டரி செத்திருந்ததால் எஞ்சினைக் கேட்க முடியவில்லை. அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். கோணியைத் தேடினேன், இல்லை. சட்டையைப் பார்த்தேன். மிதியே சொல்லிவிட்டதே, படுக்க வேறு வேண்டுமா என்று நினைத்துவிட்டேன்.

"எண்பதாயிரம்" என்று சொல்லி முக்காட்டை எடுத்தேன். "நாயுடுகாரு, இந்த வண்டி எண்பதாயிரம் மைலுக்கு ஒரு மைல் கொறைஞ்சு ஓடல. யாரோ மீட்டரைத் திருப்பிகீறாங்க."

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "யாரோன்னா? என்னத் தவுர இந்த வண்டிய ஒருத்தனும் தொட்டது கெடையாது."

"அப்ப நீங்களே யோசிச்சுக்குங்க" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்!

அவர் முகம் சிவந்தது. அவருடைய மனைவி முன்னால் வந்து, "இல்லப்பா, அவரு வந்து..." என்று ஏதோ சொல்லப் போனார். "நீ உள்ள போ!" என்று கத்தினார் நாயுடு. "முப்பது வருசம் கப்பல்காரனுக்குக் கோழி குடுத்தவன்டா நான். ஒரு கோழி எடையில ஏமாத்துனது இல்ல. கெளம்பு. இரும்புக் கடையில போட்டாலும் போடுவேன், உங்களுக்குக் குடுக்க மாட்டேன்." ஷெட்டுக் கதவு எங்கள் முகத்தில் அடித்துச் சாத்தப்பட்டது.

அன்றைக்கே மவுண்ட் ரோடு வண்டியையும் பார்த்தேன். மிதி ரப்பர் புத்தம் புதுசாக இருந்தது. எஞ்சின் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. "இதுதான் யோக்கியமான வண்டி. கண்ணை மூடிகினு வாங்கலாம்" என்றேன். எஸ்தரம்மா செவ்வாய்க்கிழமை பணத்தோடு வருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை மேஸ்திரியிடம் பெருமையாகக் கதை சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு வண்டிக்கும் அடியில படுத்தியா?"

"புதுச் சட்டை மேஸ்திரி..."

கிளாசைக் கீழே வைத்தார். "இன்னாங்க ஐயா," என்றார் மெதுவாக, "துணி வெளுத்தாப் போதுமாங்க ஐயா? அந்தம்மா வளையலு வித்த காசுங்களே."

நேராக மவுண்ட் ரோடுக்குப் போனோம். மேஸ்திரி அடியில் படுத்தார். கியர் பெட்டியின் திருகைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டு என்னிடம் நீட்டினார். எண்ணெயில் மரத்தூள். பல் தேய்ந்து அலறும் கியர் பெட்டியில் மரத்தூளைக் கொட்டினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் வராது. அதற்குப் பிறகு ஒருநாள் நடு ரோட்டில் மொத்தமாகக் கழன்று நிற்கும். புது மிதி ரப்பரும் நேற்று மாட்டியதுதான். புரோக்கர் எங்கள் இருவரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். எஸ்தரம்மா மறுபடி கத்திவாக்கத்துச் சேற்றில் இறங்கி நடப்பது என் கண்ணில் வந்து போனது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

"நடடா, நாயுடு வூட்டுக்கு" என்றார் மேஸ்திரி. மறுபடி "டா" வந்ததே, அதுவரைக்கும் பிழைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. நாயுடுவின் மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். வாயில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று ஜாடை காட்டி, எங்களை ஷெட்டுப் பக்கம் கூட்டிப்போய்க் கதவை லேசாகத் திறந்தார்.

உள்ளே நாயுடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வேட்டி, கோட்டு, காலில் தோல் செருப்பு. கை ஸ்டியரிங்கைத் திருப்பியது. கால் கிளட்சை மிதித்தது, விட்டது. கியர் விழுந்தது. வாயாலேயே, "பாம்... பாம்... ஓரமா போ நைனா" என்றார்.

"பன்னெண்டு வருசமா தினமும் இதான்" என்று அந்த அம்மாள் கிசுகிசுத்தார். "இவரே தொடைப்பாரு, காத்து அடிப்பாரு, அஞ்சு மணிக்குக் கெளம்புவாரு. எண்ணூர் கடல் வரைக்கும் போய்த் திரும்பி வருவாரு. நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு என்னை வாயத் தெறக்க வுடல."

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அது தொண்டைக்கு வருவதற்குள் வேறு ஏதோ ஆகிவிட்டது. மிதி தேய்ந்த கதை அப்போதுதான் புரிந்தது.

காலடிச் சத்தம் கேட்டு நாயுடு நிறுத்தினார். "யாரது?"

மேஸ்திரி கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, வழியில் நிற்கிற ஆள் கேட்பது போலக் கேட்டார். "நைனா, வண்டி எண்ணூர் போவுதா? ரெண்டு பேரு ஏறிக்கலாமா?"

நாயுடு கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறு. கூட யாரு? அந்த எண்பதாயிரத்துக்காரனா?"

"ஆமாங்க" என்றேன். "தப்பா பேசிட்டேன் நைனா. மன்னிச்சுடுங்க."

"பின்னாடி குந்து. கதவ மெதுவா சாத்து" என்றார்.

அந்தச் சவாரியில்தான் பேரம் நடந்தது. நாயுடு கணக்கில் வண்டி தண்டையார்பேட்டை தாண்டும்போது மேஸ்திரி ஆரம்பித்தார். "நைனா, பதினோராயிரம் மைலுன்றது நெசம்தான். ஆனா நின்ன வண்டிக்கும் வயசு ஆவுது. உப்புக் காத்து. டயரு வெடிப்பு, ரப்பர் கொழாய்ங்க காஞ்சி கீது. மைலு கம்மின்னு மூவாயிரத்து ஐந்நூறு கேட்டா வாங்குறவங்களுக்கு நாயம் இல்ல." திருவொற்றியூர் தேரடி வரும்போது எஸ்தரம்மாவின் ஜட்காக் கதையைச் சொன்னார். நாயுடு பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

"அந்த மவுண்ட் ரோடு வண்டி இன்னா வெலையோ அதே வெலை குடுக்கச் சொல்லு. ஒரு கண்டிசன். எண்ணூர் போம்போது என்னையும் ஏத்திக்கணும்."

மேஸ்திரி இறங்கியதும் முதல் காரியமாக அடியில் படுத்தார். என்னையும் படுக்க வைத்தார். ஸ்பிரிங் தகடுகளில் தேய்மானமே இல்லை. கம்பெனியில் போட்ட அதே டயர்களில் வரிவெட்டு தேயாமல் ஆழமாக இருந்தது. அந்த வெள்ளைச் சட்டையோடு ஒரு தடவை படுத்திருந்தால் எல்லாமே தெரிந்திருக்கும்.

மறுநாள் பணத்தோடு வந்த எஸ்தரம்மாவை நாயுடு வீட்டுக்குக் கூட்டிப்போனோம். கண்டிஷனைக் கேட்டு அவர், "பிரசவ வீட்டுல இவுக என்ன செய்வாக?" என்றார். "வண்டிக்குக் காவல் இருப்பேன்" என்றார் நாயுடு. முடிந்தது வியாபாரம்.

பதினைந்து நாள் அங்கேயே வைத்து வண்டியைச் சரி செய்தோம். ஒப்படைக்கும் அன்று நாயுடுவின் மனைவி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எஸ்தரம்மா கண்ணை மூடி ஜெபம் செய்தார். மேஸ்திரி பிஸ்மில்லா சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தார், எஸ்தரம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டியது என் தண்டனை. பழத்தை நசுக்கக்கூட இல்லை, ஒரு ஆள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றான். எண்ணூர் குப்பம். தங்கைக்குக் காலையிலிருந்து வலி, பிள்ளை திரும்பவில்லை. திருவொற்றியூர் வீட்டில் கேட்டு இங்கே வந்திருக்கிறான்.

எஸ்தரம்மா முகம் வெளுத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். நான் முன்னால் ஏறினேன். பக்கத்தில் நாயுடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு.

"நைனா, இப்ப வேணாம், அவசரம்..." என்றேன்.

"வண்டிய எட்றா" என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைன் கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். நாயுடு திடீரென்று என் தோளைப் பிடித்தார். "விசில் கேக்குது பாரு. கூட்ஸு. கேட்டு போட்டான்னா அரை மணி நேரம் பேஜாரு. லெப்டுல மீன்காரங்க சந்து கீதே, உள்ள வுடு." விட்டேன். இரண்டு பக்கமும் சுவரை உரசுகிற சந்து. "நேரா... இப்ப ரைட்டு... பள்ளம், பள்ளம், ரெண்டாவது கியரு!" பள்ளம் சொன்ன இடத்திலேயே இருந்தது. கேட்டைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறினோம். வழி முழுக்க அவர் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. "தேரடி. ஜனங்க குறுக்க வரும், ஆரன் அடி." அடித்தேன். ஒரே ஒரு இடத்தில்தான் தப்பினார். "இங்க தென்னந்தோப்பு வரணுமே?" என்றார். தோப்பு இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலை என்றேன். "அப்டியா? நேத்துகூட இருந்துச்சே" என்றார். பின்சீட்டில் எஸ்தரம்மா அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார்.

கத்திவாக்கம் தாண்டும்போது மட்டும் அவர் சிரிப்பு நின்றுபோனது. வண்டி நிற்கவில்லை.

குப்பத்தில் எஸ்தரம்மா இறங்கி ஓடினார். நானும் நாயுடுவும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். கடல் சத்தம் மட்டும் கேட்டது. நாயுடு முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை முழங்காலில் இறுக்கி வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குடிசைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீரிட்டது. எஸ்தரம்மா வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு உசுரும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்.

நாயுடு கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "தம்பி, மீட்டரு எவ்ளோ காட்டுது?"

பார்த்தேன். கிளம்பும்போது இருந்ததைவிட ஒன்பது மைல் கூட. "பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு நைனா."

"தப்பு" என்றார். "வூட்லேந்து இங்க ஒம்போது மைலு. போக வர பதினெட்டு. பன்னெண்டு வருசம், ஒரு நாள் வுட்டது கெடையாது. பெருக்கிப் பாரு. எழுபத்தெட்டாயிரத்து எட்நூத்தி நாப்பது. அத்தோட மீட்டர்ல கீறதையும் சேத்துக்க." என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ அன்னிக்கிச் சொன்னியே எண்பதாயிரம், ஒரு மைலு கொறையாதுன்னு. அதான் நைனா சரி. மீட்டருதான் பொய்யி சொல்லுது."

மறுநாள் இதை மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய், எதிர்க்கடையைப் பார்த்துக் கையைத் தூக்கி, எனக்கு ஒரு டீயும் ஒரு பட்டர் பிஸ்கட்டும் சொன்னார்.